அம்மன் எடுக்காமல் விட்ட கட்டி

என் கணையத்தில் கட்டி இருக்கிறது என்று சொன்ன அன்று நான் அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோயில் மகளிர் குழுத் தலைவி பாக்கியம் அக்கா கோயில் மலருக்கு என்னை இதை எழுதச் சொன்னபோது, "மாரியம்மாவைத் திட்டினதெல்லாம் எழுதாதே லெட்சுமி, படிக்கிறவங்க மனசு சங்கடப்படும்" என்று சொல்லித்தான் தாளைக் கொடுத்தார். அதை விட்டுவிட்டு எழுதினால் இது பொய் சாட்சி. சங்கடப்படுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்ததைப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் ஜொகூர் மாநிலத்தில், லாயாங் லாயாங் என்ற சின்ன ஊரில் இருக்கிறேன். வயது ஐம்பத்து மூன்று. பள்ளிக்கூட கேன்டீனில் சமைக்கிறேன். என் வீட்டுக்காரர் மணியம் குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா, காவல் வேலை. பிள்ளைகள் இரண்டு பேரும் கல்யாணமாகி வெளியூரில் இருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

போன வருஷம் தைப்பூசம் முடிந்த வாரம் எனக்கு மேல் வயிற்றில் வலி வந்தது. கிளினிக்கில் காஸ்ட்ரிக் என்று மருந்து கொடுத்தார்கள். ஒரு மாதம் குடித்தேன். வலி நிற்கவில்லை. குளுவாங்கில் ஸ்கேன் எடுத்து, அங்கிருந்து ஜொகூர் பாருவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே மறுபடி ஸ்கேன். காலையில் நம்பர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் மத்தியானம்தான் கூப்பிடுவார்கள். அவர் இரவு வேலையை முடித்துவிட்டுத் தூங்காமல் காடி ஓட்டிக்கொண்டு வருவார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவார். எங்கள் நம்பர் வரும்போது நான் முழங்கையால் இடித்து எழுப்புவேன்.

எங்களுக்குக் கிடைத்த டாக்டர் சின்ன வயசு மலாய்ப் பெண். என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். வலிக்குக் காரணம் பித்தப்பையில் இருக்கிற கல். அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் கல்லைத் தேடும்போது வேறு ஒன்று தெரிகிறது. கணையத்தின் கடைசிப் பகுதியில், வால் மாதிரி ஒடுங்குகிற இடத்தில், ஒரு கட்டி. இரண்டு சென்டிமீட்டர்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. கணையம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் அக்கா பார்வதி சிகாமட்டில் கணையத்தில் புற்றுநோய் வந்துதான் செத்தாள். நாலு வருஷம் ஆகிறது. சொன்ன நாளிலிருந்து போன நாள்வரைக்கும் நான்தான் கூட இருந்தேன். குளிப்பாட்டினேன். கடைசியில் அவளைத் தூக்க எனக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை, அவ்வளவு லேசாக இருந்தாள். அவள் விரதம் தவறாதவள். யாரையும் கெட்ட வார்த்தை சொல்லாதவள். கண் மூடுகிறவரைக்கும் அம்மன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கே இரங்காத அம்மன் எனக்கா இரங்கப்போகிறாள் என்றுதான் அந்த அறையில் உட்கார்ந்து நினைத்தேன்.

வாய் வழியாகக் குழாய் விட்டு, உள்ளே ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். முடிவு வர மூன்று வாரம் ஆனது. எடுத்தது போதவில்லை, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். மறுபடி குத்தினாலும் உறுதியாகத் தெரியும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பார்வைக்கு அது ஒரு வகைக் கட்டி மாதிரியே இருக்கிறது, விட்டு வைப்பது ஆபத்து, கணையத்தின் பாதியையும் பக்கத்தில் இருக்கிற மண்ணீரலையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்று பெரிய டாக்டர்கள் எல்லாம் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். எடுத்த பிறகு சர்க்கரை வியாதி வரலாம். ஆயுசு முழுக்க ஊசி போட வேண்டி வரலாம். கட்டி கெட்டதாக இருந்தால் அதற்குப் பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஐந்து வாரம் கழித்து ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாமி மேடைக்கு முன்னால் நின்றேன். எங்கள் வீட்டில் இருப்பது பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன் படம். தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது மாமியார் கொடுத்தது. அதன் முன்னால் நின்று ஒரே ஒரு வேண்டுதல்தான் கேட்டேன். இந்தக் கட்டியை எடுத்துவிடு. ஆபரேஷன் செய்வதற்குள் எடுத்துவிடு. தினமும் இதையேதான் கேட்டேன்.

அந்த வாரமே என் வீட்டுக்காரர் கோயிலுக்குப் போய் ஆடித் திருவிழாவுக்குப் பால்குடம் நேர்ந்துவிட்டு வந்தார். அவர் தூக்க இல்லை, நான் தூக்க.

"என் தலையில வைக்கிற குடத்தை நீங்க யாரைக் கேட்டு நேர்ந்தீங்க?" என்றேன்.

"உனக்காகத்தானே லெட்சு."

"வயித்த அறுத்துப் போட்டுட்டு எப்படிங்க விரதம் இருந்து குடம் தூக்குறது? அறுத்தப்புறம் நான் இருப்பேனா இல்லையான்னே தெரியல."

அவர் எப்போதுமே பேச மாட்டார். எதுவாக இருந்தாலும் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்துவிடுவார். மோட்டார் வாங்கினால் சாவியை வைப்பார். பிள்ளைகளுக்கு ரிசல்ட் வந்தால் அந்தத் தாளை வைப்பார். தண்ணீர் பில்லில் ஏதாவது தகராறு என்றால் அதையும் வைப்பார். வைத்ததைத் திரும்ப எடுக்கவும் மாட்டார். மேடையில் விரித்த சிவப்புத் துணிக்கு அடியில் எந்தக் காலத்துத் தாள் எல்லாமோ கிடக்கும். "இது சாமி மேடையா, உங்க ஆபீஸ் அலமாரியா?" என்று முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். விஷயம் எப்படியோ பரவியிருந்தது. உங்களில் சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதீர்கள். அதற்கு நன்றி. ஆனால் பாக்கியம் அக்கா எல்லோரும் கேட்கிற மாதிரி, "நீ கோபக்காரி லெட்சுமி, அதான் அம்மா சோதிக்கிறா, கொஞ்சம் அடங்கு" என்று சொன்னார். அக்கா, நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. பார்வதி அக்கா அடங்கித்தானே இருந்தாள், அவளை அம்மன் ஏன் சோதித்தாள் என்று கேட்டேன். நான் அர்ச்சனைத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றோடு எல்லாவற்றையும் நிறுத்தினேன். கோயிலுக்குப் போகவில்லை. வீட்டில் விளக்கு ஏற்றவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் விளக்கைத் துலக்கி, படத்தைத் துடைத்து, வெள்ளிக்குத் தயார் செய்வது கல்யாணமான நாளிலிருந்து என் வேலை. அதையும் விட்டுவிட்டேன். அவர் பார்த்தார். அவரே செய்ய ஆரம்பித்தார். அந்த மனுஷனுக்கு விளக்கில் எண்ணெய் ஊற்றத் தெரியாது. தளும்பத் தளும்ப ஊற்றுவார். அது வழிந்து துணியில் இறங்கும். துணி நனைந்தால் அதன் மேல் ஒரு தாளைப் போட்டு மூடுவார். மூன்று வாரம் இப்படியே போனது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சொல்ல எனக்குத் தெம்பில்லை. கேன்டீனில் சமைத்துவிட்டு வருவேன், படுப்பேன், எழுந்து மறுபடி சமைக்கப் போவேன். பிள்ளைகள் கொய்தியா நூடுல்ஸுக்கு வரிசையில் நின்று சத்தம் போடும். சாகப் போகிறவள் பொரித்துப் போட்டால்கூட அதுகளுக்குப் பசி அடங்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருந்தது. அது ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். அன்று அவருக்குப் பகல் வேலை, போயிருந்தார். மேடையிலிருந்து சுவர்வரைக்கும் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் ஒரு பக்கம், அவர் உடைத்து வைத்த வெல்லம் ஒரு பக்கம். அம்மன் படத்தின் மேலேயே எறும்பு ஊர்ந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. மூன்று மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. அங்கேயே நின்று சத்தமாகப் பேசினேன். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டிருக்கும். "பாரு, உன்னைத் துடைக்கவும் நான்தான் வரணும். என் அக்காவக் கொண்டுபோன, இப்ப என்னைக் கொண்டுபோகப் பார்க்கிற. போனப்புறம் இந்த எறும்பத் தட்டிவிட உனக்கு யார் இருக்கா? இந்தாளா? இந்தாளுக்கு எண்ணெய் ஊத்தவே தெரியலயே." இதுதான் நான் செய்த பிரார்த்தனை. இதைவிட அழகாக எழுத எனக்கு வராது. இதற்குத்தான் பதில் வந்தது.

திட்டிக்கொண்டே படத்தை இறக்கினேன். விளக்கை எடுத்தேன். சிவப்புத் துணியைப் பிடித்து இழுத்தேன். அது வரவில்லை. எண்ணெய் ஊறி எதிலோ ஒட்டிக்கொண்டிருந்தது. பலமாக இழுத்தேன். துணியோடு சேர்ந்து ஒரு பெரிய பழுப்பு உறை கீழே விழுந்தது. மேடை முழுக்க அடைக்கிற அளவு உறை. அதன் மேல் ஒரு சிங்கப்பூர் ஆஸ்பத்திரியின் முத்திரை இருந்தது.

எனக்கு அது என்ன என்று சட்டென்று பிடிபடவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்பு நான் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். மோட்டாரில் போய் வருவேன். ஒரு நாள் மழையில் சறுக்கி விழுந்தேன். கைப்பிடி வயிற்றில் குத்தியது. உள்ளே அடிபட்டிருக்குமோ என்று வயிறு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை, ஒன்றும் இல்லை, போகலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். கம்பெனியில் காட்ட வேண்டும் என்பதால் படத்தைக் கையில் கொடுத்தார்கள். காட்டி முடித்ததும் அந்த உறையை என் வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டார். அம்மா காப்பாத்திட்டா என்று சொல்லி அதைச் சாமி துணிக்கு அடியில் வைத்தார். அதற்கு மேல் துணி மாறியிருக்கிறது, நான் எத்தனையோ தடவை துடைத்திருக்கிறேன். பலகைக்கு விரித்த அட்டை என்றே நினைத்து அதன் மேலேயே துடைத்திருக்கிறேன்.

உறையைப் பிரித்தேன். உள்ளே கறுப்புப் படங்கள். ஓரத்தில் எண்ணெய் இறங்கியிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அது என் வயிறு. பதினோரு வருஷத்துக்கு முந்தின என் வயிறு. தரையில் உட்கார்ந்து அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். அவர் வீட்டுக்கு வந்தபோதும் அப்படியேதான் இருந்தேன். சாமி படமும் விளக்கும் தரையில் கிடக்கிறதைப் பார்த்து அவர் முகம் வெளுத்துவிட்டது. நான் உறையை நீட்டினேன். வாங்கி முத்திரையைப் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட காட்டலாம் லா" என்றார்.

மறுநாளே போனோம். நாள் குறிக்காமல் போனதால் சாயங்காலம்வரை உட்கார வேண்டியிருந்தது. டாக்டர் உறையை வாங்கினார். எண்ணெய் நாற்றம் வந்திருக்கும், முகத்தைச் சுளிக்கவில்லை. இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறார்கள். படத்தை மாட்டுகிற பழைய விளக்குப் பெட்டி அந்த அறையில் நோட்டீஸ் ஒட்டுவதற்குத்தான் இருந்தது. அவர் நோட்டீஸை எல்லாம் பிய்த்துவிட்டு சுவிட்சைப் போட்டார். இரண்டு விளக்கில் ஒன்று மினுக்கியது. படங்களை ஒவ்வொன்றாக மாட்டினார். கம்ப்யூட்டரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஸ்கேலை எடுத்து அளந்தார். எழுந்து வெளியே போய் ஒரு பெரிய டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரும் அளந்தார்.

பிறகு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆன்ட்டி, இந்தக் கட்டி அப்பவே இருந்திருக்கு. அதே இடம், அதே அளவு. அன்னைக்கு அடிபட்டதைத்தான் தேடியிருக்காங்க, அதனால இதை யாரும் கவனிக்கல" என்று மலாயில் சொன்னார்.

அதனால் நல்லதா கெட்டதா என்று கேட்டேன். இன்னும் சொல்ல முடியாது என்றார். மெதுவாக வளர்கிற கட்டிகளும் உண்டாம். ஆனால் பதினோரு வருஷத்தில் கொஞ்சம்கூட மாறவில்லை என்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும் என்றார். சில பேருக்குத் தாய் வயிற்றில் உருவாகும்போதே மண்ணீரலில் ஒரு சின்னத் துண்டு தனியாகப் பிரிந்து வேறு இடத்தில் உட்கார்ந்துவிடுமாம். அப்படிப் பிரிவது ஒன்றும் அதிசயம் இல்லை, ஆனால் கணையத்துக்கு உள்ளேயே போய் உட்காருவது அபூர்வமாம். ஸ்கேனில் பார்த்தால் அச்சு அசல் கட்டி மாதிரியே இருக்குமாம். அறுத்து எடுத்த பிறகுதான் சில பேருக்கு அது கட்டி இல்லை என்று தெரிந்திருக்கிறதாம். மண்ணீரலுக்கு அவர் லிம்பா என்றார். எனக்குத் தெரிந்த லிம்பா, பாசாரில் மலாய்க்காரர் கடையில் பொரித்து விற்பதுதான். அது எனக்குள் இரண்டு இருக்கிறது என்றால் எப்படி நம்புவது?

நம்ப வேண்டாம், சோதித்துப் பார்ப்போம் என்றார். ஆபரேஷனைத் தள்ளி வைத்தார். ஒரு சோதனைக்குக் கோலாலம்பூருக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே என் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, அதைச் சூடுபடுத்தி, மிஷினில் பளிச்சென்று தெரிகிற ஒரு மருந்து கலந்து எனக்கே திரும்ப ஏற்றினார்கள். கெட்டுப்போன ரத்தத்தைப் பிடித்து வைப்பது மண்ணீரலின் வேலையாம். சூட்டில் கெட்ட ரத்தத்தை அது தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அந்தக் கட்டியும் இழுத்தால் அதுவும் மண்ணீரல்தான். வேறு கட்டியாக இருந்தால் இழுக்காது. மிஷினுக்கு அடியில் அசையாமல் படுத்திருந்தேன். வேண்டுதல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சலித்துப் போயிருந்தது. என்னவோ பண்ணிக்கொள் என்று மட்டும் நினைத்தேன்.

திரும்பும்போது ஆயர் ஈத்தாமில் பசியாற நிறுத்தினோம். அவர் ஒரு கடைக்குள் போய் ஒரு மண் அகல் வாங்கிக்கொண்டு வந்தார். ஆழமான அகல், எண்ணெய் வழியாது என்றார். முன்பென்றால் ஏதாவது சொல்லியிருப்பேன். அன்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் டாக்டர் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். இருட்டுக்குள் மண்ணீரல் பளிச்சென்று எரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பொட்டு. அதுவும் அதே மாதிரி எரிந்தது. "ஆன்ட்டிக்கு லிம்பா ரெண்டு. புற்றுநோய் இல்லை. அறுக்க வேண்டாம்" என்றார்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார், எதற்கு நின்றோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். பிறகு அழுதார். முப்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அப்போதுதான் எனக்கும் அழுகை வந்தது.

பித்தப்பைக் கல்லைப் பிறகு சின்னத் துவாரம் போட்டு எடுத்தார்கள். வலி போய்விட்டது. ஆடித் திருவிழாவுக்குப் பால்குடமும் எடுத்தோம். நேர்ந்தவர் நீங்கள், அதனால் நீங்களும் தூக்குங்கள் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் தூக்கினோம். அவர் எனக்கு முன்னால் நடந்தார். கோயில் வாசல் வருவதற்குள் பாதிப் பாலைச் சிந்திவிட்டார். பின்னால் நடந்த என் கால் முழுக்கப் பால். அதோடேயே கோயிலுக்குள் நடந்தேன்.

என் மகன் இதெல்லாம் தற்செயல் என்கிறான். சொல்லட்டும். அவர் அந்த உறையை வைத்ததும், நான் விளக்கை விட்டதும், அவர் எண்ணெய் சிந்தியதும், எறும்பு வந்ததும், நான் கோபப்பட்டதும் எல்லாம் தற்செயலாகவே இருக்கட்டும். அந்தத் தற்செயலை எனக்காக நடத்தியவளுக்கு நான் நன்றி சொல்கிறேன். நான் கேட்டது கட்டியை எடுத்துவிடு என்று. அவள் எடுக்கவில்லை. எடுக்க வேண்டியதே இல்லை என்று அவளுக்குத் தெரியும். என் தாய் வயிற்றிலேயே அதை அங்கே வைத்தவள் அவள்தானே. டாக்டர் கத்தியால் அவள் அதை எடுத்துக் கொடுத்திருந்தால் பாதிக் கணையத்தை இழந்துவிட்டு, ஊசி போட்டுக்கொண்டு, கேட்டது கிடைத்தது என்று உங்களிடம் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பேன்.

பார்வதி அக்காவுக்கு ஏன் இப்படி நடக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. அவள் என்னைவிட நல்லவள். இதற்குப் பதில் தெரியும் என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். அதை இன்னும் அம்மனிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். முன்பு கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இப்போது கேட்டுவிட்டு விளக்கை ஏற்றுகிறேன். என்னிடம் மாறியது இவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். என் கட்டி நல்லதாக இருந்ததால் உங்கள் கட்டியும் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். அந்தச் சின்ன டாக்டர் அலுத்துக்கொள்ளாமல் அந்த எண்ணெய்ப் படத்தை மாட்டிப் பார்த்தார். அந்தக் கையில்தான் அம்மன் இருந்தாள். பழைய படம், பழைய ரிப்போர்ட் எது இருந்தாலும் தூக்கிப் போடாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இன்னொன்று. உங்களுக்குக் கோபம் இருந்தால் அதோடேயே சாமி முன்னால் போய் நில்லுங்கள். அடங்கிப் போய்த்தான் கும்பிட வேண்டும் என்று இல்லை. திட்டினாலும் நின்று திட்டுங்கள். என்னை மாதிரி அர்ச்சனைத் தட்டை வைத்துவிட்டு ஓடாதீர்கள். அவள் கேட்டுக்கொள்வாள்.

கடைசியாக வெளியே அனுப்பும்போது டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். இனி என்னை எங்கே ஸ்கேன் எடுத்தாலும் அந்தக் கட்டி தெரியும், பார்க்கிற எல்லா டாக்டரும் பயப்படுவார்கள், அதனால் பழைய படமும் புது ரிப்போர்ட்டும் சாகிறவரைக்கும் பத்திரமாக இருக்க வேண்டும் என்றார். வீட்டில் எங்கே வைத்தால் தொலையாது என்று என்னைக் கேட்டார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வியாழக்கிழமை நானே விளக்கைத் துலக்கினேன். பழைய படத்தையும் புது ரிப்போர்ட்டையும் எண்ணெய் படாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, புதுச் சிவப்புத் துணிக்கு அடியில் நானே வைத்தேன்.